தென்னைக்கு வைத்த உப்பு

பக்கத்து வீட்டு மருமகளுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் வயிற்றில் நின்றது. கேன் தண்ணீர் குடித்தால் கால் மணி நேரத்தில் வாந்தி. குழாய்த் தண்ணீர் வருவதே எப்போதாவது, வந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை. வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த பெண் அவள். அப்போது அவளுக்குக் கர்ப்பம் மூன்றாம் மாதம். அவளுடைய மாமனாரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர்தான் ஒரு நாள் காலையில் காம்பவுண்டுச் சுவர் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாபா, உன் கிணறு பாஸாய்ட்ச்சாமே? தெருவுல பேசிக்கறாங்க."

"ஆமா பாய். காட்பாடி காலேஜ்லேந்து ஒரு பொண்ணு வந்து பாட்டில்ல புடிச்சிட்டுப் போச்சி. நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சி."

"எங்க போர் பெயிலு. நானும் பத்தாவது பெயிலு, குடும்ப ராசி."

"நான் ஏழாவதோட நின்னவன் பாய். கிணறு என்னவிட ஜாஸ்தி படிச்சிருக்கு."

அவர் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "பொண்ணுக்கு டெய்லி ரெண்டு குடம் குடு. வேற தண்ணியே நிக்க மாட்டேங்குது அதுக்கு."

தினம் காலை அவர் வீட்டு ஹோஸ் பைப்பை எங்கள் குழாயில் மாட்டிக்கொள்வது என்று ஆயிற்று. அது ஒரு பெரிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

பாட்டிலில் தண்ணீர் பிடித்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டைக்காரப் பெண். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. காட்பாடியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது. எந்த மண் எந்த உலோகத்தை எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் படிப்பு. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று நான் கேட்கவில்லை. மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்லாம் வேணாண்ணா" என்றது. அதற்குப் பிறகு நான் எதுவும் வைத்துக் கூப்பிடுவதில்லை, 'மா' என்று வாக்கியத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்வேன்.

எங்கள் வீடு இருக்கிற மனை முன்பு தோலுக்குச் சாயம் அடிக்கிற ஷெட்டின் பின்பக்கம். டிரம் கழுவிய தண்ணீரை அங்கேதான் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மண்ணில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான். சோற்றை வாயில் வைக்கும்போதுகூட அந்தச் சிவப்பு ஞாபகம் வரும். அதனால் அந்தப் பெண் தெருவில் கிணறு கிணறாகப் பார்த்து வந்தபோது நானே போய்க் கூப்பிட்டேன். தண்ணீரோடு ஒரு கை மண்ணும் தோண்டிக்கொண்டு போனது. திரும்பி வந்து சொன்னது:

"மண்ணுல காட்மியம்னு வெஷ உலோகம் இருக்குண்ணா, ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா தண்ணியில இல்ல. இது நல்ல களிமண்ணு. புடிச்சி வச்சிருக்கு."

"எத்தன நாளைக்குப் புடிச்சி வச்சிருக்கும்மா?"

"நாம நோண்டாத வரைக்கும்."

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் வேலை செய்வது தோல் பதனிடுகிற டேனரியில், பச்சைத்தோல் வருகிற இடத்தில். தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் லாரியில் அனுப்புவார்கள். வந்த தோலை அப்படியே ஊறப் போட்டால் அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் முதலில் மரச்சட்டத்தின் மேல் போட்டு, தட்டித் தட்டி உப்பை உதிர்க்க வேண்டும். அதுதான் என் வேலை. உதிர்ந்த உப்பில் மயிரும் ரத்தமும் சாணியும் இருக்கும், மறுபடி எதற்கும் ஆகாது. ஷெட்டுக்குள் குவித்துப் பூட்டி வைக்க வேண்டும், வெளியே ஒரு சட்டி உப்பு போகக் கூடாது என்பது உத்தரவு. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்கள் வந்து ஷெட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் கிணற்றை ஒட்டி இரண்டு தென்னை. அந்த வருஷம் பிஞ்சுக் குரும்பை எல்லாம் உதிர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மரத்தடியில் கிடக்கும். பொறுக்கி எண்ணுவேன். மனைவி ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்பாள், "இன்னா, இன்னிக்கு எவ்ளோ செத்துச்சி?"

தென்னைக்கு உப்பு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் எடுத்து ஒன்றிரண்டு கிலோ கல்லுப்பைப் போட்டு மூடுவார்கள். நான் டேனரி மேஸ்திரியிடம் குரும்பை உதிர்வதைச் சொன்னேன். "கடையில போய் உப்பு வாங்குவியா நீ? மலையாட்டம் குவிச்சி வச்சிக்கினு" என்றார். சாயந்திரம் ஷெட்டைப் பூட்டும்போது ஒரு மூட்டையை என் சைக்கிளில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மூட்டையோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தேன், உதிர்வது நிற்கவில்லை. பற்றவில்லையோ என்று பயம் வந்தது. இன்னொன்று போட்டேன். ஒரு மரத்துக்கு ஜாஸ்தி, ஒரு மரத்துக்குக் கம்மி ஆகிவிட்டதோ என்று அடுத்ததைப் போட்டேன். மழை பெய்தால் கரைந்து போய்விடுமே என்று மழைக்கு முன்னால் இரண்டு, மழை பெய்து கரைந்திருக்குமே என்று மழைக்குப் பிறகு இரண்டு. ஓலை நுனி கருகியபோதும் உப்பு போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஐப்பசி கடைசிக்குள் பதினோரு மூட்டை போயிருந்தது. வாசலில் பச்சைத்தோல் வாடை அடிப்பதாக மனைவி சொன்னாள். எனக்கு அந்த வாடை தெரிவதில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் பக்கத்து வீட்டு மருமகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள், "அங்கிள், தண்ணி கொஞ்சம் கரிக்குது இப்ப. ஆனா எனக்கு அதான் நல்லா இருக்கு."

உள்ளேயிருந்து பாய் குரல் கொடுத்தார். "சோத்துக்கு உப்பு போட வேணாம், மிச்சம்தான்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே காட்பாடிப் பெண் மறுபடி வந்து தண்ணீர் பிடித்துப் போனது. அடுத்த வாரம் போன் செய்தது. குரல் சரியில்லை.

"அண்ணா, உங்க தண்ணியில காட்மியம் இருக்குன்னு ரிசல்ட் தப்பா வருது. என் பாட்டில்ல ஏதோ கோளாறு போல. மறுபடி எடுத்துக்கறேன். அது வரைக்கும் குடிக்காதீங்க."

மறுநாளே வந்துவிட்டது. பாட்டிலை மூன்று தடவை கழுவி, என் கண் முன்னாலேயே பிடித்தது. கையிலிருந்த பேனா மாதிரி மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டது.

"உப்பு எகிறியிருக்குண்ணா. மொத தடவைக்கு இப்ப எத்தனையோ மடங்கு. இங்க ஏதாவது பண்ணீங்களா? உரம், ஆசிட், கழிவு மண்ணு, ஏதாவது?"

"ஒண்ணும் பண்ணலியேம்மா. உப்பு ஏறுனா இன்னா? உப்புதானே?"

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அது சொன்னது இன்னமும் அப்படியே காதில் இருக்கிறது.

"ரயில்ல சீட்டு இருக்கற மாதிரிண்ணா, களிமண்ணுல எடம் இருக்கு. காட்மியம் அதுல ஏறி உக்காந்திருக்கு. உக்காந்திருக்கற வரைக்கும் தண்ணிக்கு வராது. உப்பு கொஞ்சமா இருந்தா ஒண்ணும் ஆவாது. காட்பாடியில ஏறுமே கூட்டம், அந்த மாதிரி உப்பு ஏறுச்சின்னா இடிச்சித் தள்ளி எழுப்பி வுட்டுடும். அது ஒரு பாதி. உப்புல குளோரைடுன்னு இன்னொண்ணு இருக்கு. அது வெளியில நின்னுக்கினு, எழுந்து வர காட்மியம் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போய்டும். திரும்ப வந்து உக்கார வுடாது."

நான் தென்னையைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடிச்சா இன்னா ஆவும்?"

"இன்னிக்குக் குடிச்சி நாளைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. உள்ள போய்ச் சேந்துக்கினே இருக்கும். கிட்னியில."

"வயித்துல புள்ள இருந்தா?"

அது என்னை நிமிர்ந்து பார்த்தது. "யாருக்கு?"

"சும்மா கேட்டேன்."

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் மண்ணு படிக்கறவ. டாக்டரதான் கேக்கணும். ஆனா குடிக்கக் கூடாது."

போகும்போது தானாகச் சொன்னது, வழிகாட்டும் புரொபசர் பாட்டில் கழுவத் தெரியாதவள் என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாராம். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உப்பை வெளியே கொண்டுவந்தது தெரிந்தால் வேலை போகும், மேஸ்திரிக்கும் போகும். அதுதான் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை. நெஞ்சு படபடக்கவும் இல்லை. பஸ்ஸில் பர்ஸ் இருக்கிறதா என்று நூறு தடவை தொட்டுப் பார்க்கிறவன் நான். அன்று உடம்பு மரப்பலகை மாதிரி இருந்தது.

இரண்டாவது முடிவும் அதே என்று மெசேஜ் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் ஹோஸ் பைப் எங்கள் குழாயில்தான் இருந்தது. காலையில் அது புடைத்துக்கொண்டு சுவரேறிப் போவதை நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன். எங்களுக்கு மட்டும் கேன் வாங்கி வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மனைவி கேட்டாள், "நமக்கு கேனு, அந்தப் பொண்ணுக்குக் கிணறா? இன்னா கதை இது?"

சொன்னேன். பதினோரு மூட்டையையும் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடி, ரப்பர் பேண்டு போட்டாள்.

"கேஸ மூடுனமான்னு பாதி வழியிலேந்து திரும்பி வர ஆளு நீ. இதுக்கு மட்டும் பயம் வரலியா உனக்கு?" என்றாள். வாசலில் நின்று, "இன்னிக்கே சொல்ற" என்றாள். கம்பெனி வேன் வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. மோட்டார் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாய் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "தண்ணி வரலியேபா" என்றதும், "மோட்டார் பூட்ச்சி பாய். எரிஞ்சிட்ச்சி போல" என்றேன்.

மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் போய் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்து நிமிஷத்தில் கடைக்குப் போகாமல் சாமான் பையோடு வந்துவிட்டார்.

"வேணாம் பாய், நான் ஆளைக் கூப்ட்டுக்கறேன்."

"எந்த ஆளு? நான் இன்னா, வெத்தல பாக்குக் கடையா வச்சிருக்கேன்? நவுரு."

மோட்டார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார். "எரிஞ்ச வாடையே இல்ல." மீட்டர் வைத்துப் பார்த்தார். "காயில் புதுசாட்டம் இருக்கு. கெபாசிட்டர் ஓகே." பிறகு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் பெட்டிக்குப் போனார். திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பியூஸ் கட்டை எங்கபா?"

நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "தண்ணி குடுக்க இஷ்டம் இல்லன்னா வாயால சொல்லிருக்கலாமே. இத்தன வருஷப் பழக்கம். இதுக்குப் போயி மோட்டார் எரிஞ்சிட்ச்சின்ற" என்றார். சத்தமே போடவில்லை. சாமானை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

அவர் கோபமாகப் போயிருந்தால் அப்படியே விட்டிருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. கஞ்சன் என்ற பெயரோடு விஷயம் முடிந்திருக்கும், தண்ணீரும் நின்றிருக்கும். ஆனால் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி, ஒரு குடம் மட்டும் இன்னிக்கு குடு. அது காலையிலேந்து ஒண்ணும் குடிக்கல. நாளையிலேந்து நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்றார்.

"தண்ணி கெட்டுப் போச்சி பாய்."

"இன்னா?"

"தண்ணியில வெஷம் இருக்கு. காட்மியம்ன்னு. நான்தான் பண்ணேன்."

சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பாய் இரண்டு தென்னையையும் ஒரு தடவை பார்த்தார்.

"எப்பலேந்து?"

"தெரியல பாய். அந்தப் பொண்ணு மொதல்ல பாத்தப்ப நல்லா இருந்துச்சி. நடுவுல எப்ப ஏறுச்சின்னு தெரியாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கும் பொய் சொல்லியிருப்பேன், நாக்கு வரை வந்துவிட்டது. "அஞ்சு நாளாச்சி" என்றேன்.

"அஞ்சு நாளா" என்றார். கேட்டைத் திறந்து போனார், மூடாமலே போனார். கொஞ்ச நேரம் கழித்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டார்கள். சுவரில் சரசரவென்று தேய்ந்து போயிற்று.

மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறதாம், ரத்தம் எடுத்திருக்கிறார்களாம், அதிகம் யோசிக்க வேண்டாம் என்றார்களாம். மனைவிதான் கேட்டு வந்து சொன்னாள். நான் கேட்கப் போகவில்லை. அவர்கள் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சீரகம் போட்டுக் கொடுத்தார்களாம், அது நின்றதாம். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் எங்கள் வீட்டுக் குழாய்ப் பக்கமே அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

காட்பாடிப் பெண்ணுக்கும் போன் செய்து சொன்னேன். உடனே கேட்டது, "எத்தன மூட்டண்ணா? ஒரு மூட்ட எவ்ளோ கிலோ இருக்கும்? எந்தெந்தத் தேதி போட்டீங்க, ஞாபகம் இருக்கா?" குரலில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. சாயந்திரமே ஓடி வந்தது. மரத்தைச் சுற்றி நான்கு இடத்தில், கிணற்றை ஒட்டி இரண்டு இடத்தில் மண் எடுத்தது. மிச்சமிருந்த உப்பில் ஒரு பிடி எடுத்துக்கொண்டது. "பாட்டில் தப்பு இல்ல. நான் சரியாதான் கழுவியிருக்கேன்" என்று பையின் ஜிப்பை மூடிக்கொண்டே சொன்னது, என்னிடம் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரிண்ணா" என்றது.

அந்த உப்பில் காட்மியம் இல்லை என்று பின்னால் சொன்னது. எல்லாம் மண்ணிலேயே இருந்ததுதான். சாயம் அடித்தவர்கள் விட்டுப் போனது, களிமண் அத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தது. உப்பை அள்ளி வெளியேற்றினால் சரியாகுமா என்று கேட்டேன். மழையில் உப்பு கரைந்து போகப் போக மறுபடி மண்ணில் போய் உட்காரும், எல்லாம் உட்காரும் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே தண்ணீரோடு போனது போனதுதான் என்றது. பள்ளத்தைத் தோண்டி மிச்சத்தை எடுத்தேன். மூன்று மூட்டைகூட வரவில்லை. அதை டேனரிக்கே கொண்டுபோனேன். மேஸ்திரி ஷெட்டைத் திறந்து, "வச்சிட்டுப் போ" என்றார், மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் வேலையும் போகவில்லை. யாரும் கேட்கவே இல்லை.

குழந்தை வைகாசியில் வாணியம்பாடியில் பிறந்தது. ஆண் குழந்தை. பாய் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஸ்வீட் கொடுத்தார். எங்கள் வீட்டில் மனைவி கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாராம். நல்லா என்றால் எப்படி, ரத்தம் எடுத்ததில் என்ன வந்தது, எடை எவ்வளவு, இதெல்லாம் கேட்டாயா என்று மனைவியிடம் கேட்டேன். "ஏன், நீ போய் கேளேன்" என்றாள். ஸ்வீட் பிரிட்ஜில் இருந்து வறண்டு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அவள் குழந்தையோடு இங்கே வந்தாள். ஒரு காலை நான் வாசலில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தலை நிறைய முடி.

"அங்கிள், இவனக் குளிப்பாட்ட ஆச்சும் உங்க தண்ணி ஆவுமா? எங்க போர் தண்ணியில சோப்பே நுரைக்க மாட்டேங்குது."

"வேணாம்மா. எதுக்கும் வேணாம்."

"சரி அங்கிள்." அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்த மாதிரி தெரியவில்லை. காலடியில் காலி பக்கெட் இருந்தது. அதைத் தூக்கக் குனிய வேண்டும், ஒரு கையில் குழந்தை. சுவர்மேல் குழந்தையை என் பக்கமாக நீட்டினாள். "ஒரு நிமிஷம் புடிங்க அங்கிள்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கையெல்லாம் உப்பும்மா" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் டேனரிக்கு லீவு. குளித்துச் சட்டை மாற்றி நின்றிருந்தேன். அவள் குழந்தையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, பக்கெட்டைக் காலாலேயே வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.